இரவுக்குக் கொத்து எடுப்பதுதான் மலிவு என்ற வாசகருக்கு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் பகுதியில் வந்த ஒரு கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இன்றைய விலைவாசியில் இரவுக்கு வீட்டில் சமைப்பது நட்டம், காஸ், தேங்காய், எண்ணெய் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கடையில் கொத்துரொட்டியோ பரோட்டாவோ எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவதுதான் மலிவு, சுப்பர் மார்க்கெட்டில் தள்ளுபடி என்று எழுதிப் போட்டிருப்பதெல்லாம் வெறும் கண்துடைப்பு என்று அந்த வாசகர் எழுதியிருந்தார். அவருடைய களைப்பு எனக்கு நன்றாக விளங்குகிறது. தள்ளுபடியைப் பற்றி அவர் சொன்னதில் பாதி உண்மையும் இருக்கிறது. ஆனால் சமைப்பது நட்டம் என்ற கணக்கு பிழை. அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. கடிதம் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, தயவுசெய்து வெட்டாமல் போடுங்கள்.

எங்கள் வீடு யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில். நானும் கணவரும், மாமியும், மூன்று பிள்ளைகளும், ஆக ஆறு பேர். அவர் ஓட்டோ ஓடுகிறார். நான் ஒரு தையல் கடையில் வேலை, பின்னேரம் ஐந்தரைக்குத்தான் வீட்டுக்கு வருவேன். மத்தியானச் சோறும் கறியும் காலையிலேயே சமைத்து மூடி வைத்துவிட்டுப் போய்விடுவேன், ஆகவே எங்கள் வீட்டில் உண்மையான பிரச்சினை இரவுச் சாப்பாடுதான். எங்கள் பக்கத்தில் இரவுக்கும் சோறு சாப்பிடுகிற வீடு குறைவு. புட்டோ இடியப்பமோ தோசையோ ரொட்டியோ வேண்டும், ஒன்றும் முடியாவிட்டால் பாண், அதற்குத் தொட்டுக்கொள்ள ஒரு கறியோ சொதியோ சம்பலோ வேண்டும்.

மூன்று மாதமாகப் பில் எல்லாவற்றையும் ஒரு பழைய பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறேன். போன கிழமைக் கணக்கை மூத்த மகள் தன் கொப்பியில் எழுதித் தந்தாள். திங்கட்கிழமை இரவு புட்டும், முருங்கையிலை போட்ட பருப்புக்கறியும், சம்பலும். மா 600 கிராம், பாதி சிவப்பரிசி மா, பாதி கோதுமை மா, அதற்கு 144 ரூபாய். பருப்பு 200 கிராம், 58 ரூபாய். தேங்காய் ஒன்று 190. வெங்காயம், செத்தல் மிளகாய், உள்ளி, எண்ணெய், உப்பு எல்லாம் சேர்த்து 80 என்று வைத்தோம், காஸுக்கு 40. முருங்கையிலை வேலியில் நிற்கிறது. மொத்தம் 512 ரூபாய். ஆறு பேரும் வயிறாறச் சாப்பிட்டு, அடுத்த நாள் காலையில் மாமிக்கு ஒரு கோப்பை புட்டு மிச்சமும் இருந்தது. அதே ஆறு பேருக்கு எங்கள் சந்தியில் கொத்து எடுப்பதென்றால் மூன்று பார்சலாவது வேண்டும், ஒன்று 700 ரூபாய் என்றால் 2,100. இந்தக் கணக்கில் எந்த இடத்தில் கொத்து மலிவாகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

புட்டு அவிக்க யாழ்ப்பாணத்தாருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மா வாங்கும் இடத்தில்தான் காசு போகிறது. அவித்த மா என்று பொதி பண்ணி விற்கிறார்கள், வறுத்த அரிசிமாவும் அப்படித்தான், இரண்டிலும் எங்கள் வேலையை அவர்கள் செய்து தந்ததற்குக் காசு எடுக்கிறார்கள். வேண்டவே கூடாது என்று சொல்ல மாட்டேன், அவசரத்துக்கு நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் ஒதுக்கினால் வெள்ளை மாவைத் துணியில் கட்டி அவித்து, ஆற முதல், சூட்டோடு சூடாக உடைத்து அரித்து வைத்துவிடலாம். ஆறவிட்டால் கட்டி இறுகிக் கல்லு மாதிரிப் போய்விடும், பிறகு அரிக்க முடியாது. ஒரு கிலோ அரிசியை ஊறவைத்து மில்லில் கொடுத்துத் திரித்து வறுத்து வைத்தால் அது ஒரு கிழமைக்கு மேல் வரும்.

மாமிக்கு எழுபத்தெட்டு வயது. கண் கொஞ்சம் மங்கல். ஆனாலும் புட்டுக்கு மா குழைப்பது இன்றைக்கும் அவர்தான், வேறு ஒருவரையும் விடமாட்டார். கொதித்த தண்ணீரை ஒரு நிமிடம் ஆறவிட்டு, உப்புப் போட்டு, மாவில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறுவார், பிறகு பழைய பால்மா ரின்னின் விளிம்பால் டக் டக் என்று கொத்துவார். அந்தச் சத்தம் கேட்டால் சின்னவன் புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படிக்கு வந்துவிடுவான். மணி மணியாக உதிர்ந்த மாவோடு தேங்காய்ப்பூவைக் கலந்து நீத்துப்பெட்டியில் போட்டு அவித்துக் கொட்டும்போது, பனையோலை வாசம் புட்டில் ஏறியிருக்கும். நீத்துப்பெட்டி ஒன்று வாங்கினால் எத்தனையோ மாதத்துக்குப் பாவிக்கலாம், கழுவி நிழலில் காயவைத்தால் போதும்.

இனிச் சுப்பர் மார்க்கெட் கதைக்கு வருகிறேன். போர் முடிந்து, யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை திறந்த பிறகு இங்கே ஒவ்வொன்றாகப் பெரிய கடைகள் வந்தன, அரசாங்கத்தின் சதொசவும் இருக்கிறது, எங்கள் சங்கக்கடைகளும் இருக்கின்றன. நான் எல்லாவற்றிலும் வாங்கிப் பார்த்துவிட்டேன். உலர்ந்த சாமான் அங்கே, பச்சைச் சாமான் சந்தையில் என்று வாங்கினால்தான் எனக்குக் கட்டுப்படியாகிறது. பருப்பு, மா, சீனி, ரின்மீன், சோயாமீற், கடலை, கௌபி, உழுந்து, எண்ணெய் இவ்வளவும் தள்ளுபடி நாளில் சுப்பர் மார்க்கெட்டிலோ சதொசவிலோ எது குறைவோ அங்கே எடுக்கிறேன். மைசூர்ப் பருப்பு என்று நாங்கள் பேருக்குச் சொல்கிறோம், அது பெரும்பாலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் விளைந்து கப்பலில் கொழும்புக்கு வருகிறது, ஆகவே கூடுதலாகக் கொள்வனவு செய்கிறவனுக்குக் குறைவாகக் கிடைக்கும், அந்தக் குறைவில் கொஞ்சம் எங்களுக்கும் வரும். கத்தரிக்காய்க்கும் கீரைக்கும் அந்தக் கணக்கு இல்லை. எங்கள் செம்மண்ணில் காலையில் பிடுங்கின கீரை திருநெல்வேலிச் சந்தையில் கிடக்க, கண்ணாடிப் பெட்டிக்குள் வாடின கீரையைக் கூட விலைக்கு ஏன் வாங்க வேண்டும்? பொழுதுபடுகிற நேரம் போனால் கத்தரிக்காய், தக்காளி, பூசணி எல்லாவற்றையும் கூறு போட்டு வைத்திருப்பார்கள், அடிபட்டது ஒன்றிரண்டு இருக்கும், அன்றைக்கே சமைக்கிறவளுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

தள்ளுபடி கண்துடைப்பு என்று அந்த வாசகர் சொன்னதில் எது உண்மை என்றால், தள்ளுபடி போட்டிருக்கிற சாமானில் பாதி எங்களுக்குத் தேவையில்லாதது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று சோடாவுக்கும் பிஸ்கற்றுக்கும்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள், பருப்புக்கு அப்படிப் போட்டு நான் கண்டதில்லை. அதைவிட மனதுக்குக் கஷ்டமான விஷயம் வங்கி அட்டைத் தள்ளுபடி. சனி ஞாயிறுகளில் இன்ன வங்கியின் கடன் அட்டை வைத்திருந்தால் மரக்கறிக்கு, மீனுக்கு இத்தனை வீதம் கழிவு என்று எழுதியிருக்கும். மாதச் சம்பளம் வாங்குகிற ஆளுக்கு அந்த அட்டை கிடைக்கும், நாள் கூலிக்குப் போகிறவருக்கும் ஓட்டோ ஓடுகிறவருக்கும் யார் கொடுப்பார்கள்? ஒரே வரிசையில், ஒரே பூசணித் துண்டுக்கு, எனக்கு முன்னால் நின்றவர் குறைவாகக் கொடுத்துவிட்டுப் போனார், நான் முழு விலையும் கொடுத்தேன். கழிவு உண்மையில் தேவைப்படுகிற கைக்கு அது வந்து சேரவில்லை. இதை யாராவது எழுத வேண்டும்.

விலைச்சீட்டுக் கதையும் இருக்கிறது. போன மாதம் ஒரு கடையில் தட்டில் பருப்புக் கிலோ 290 என்று இருந்தது, காசு கட்டி வெளியே வந்து பில்லைப் பார்த்தால் 325. திரும்பிப் போய்க் கேட்டேன். காசு எடுக்கிற பிள்ளை, சீட்டு மாற்ற மறந்துவிட்டார்கள் அக்கா என்று சொல்லி 35 ரூபாயைத் திருப்பித் தந்தாள், அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. ஆனால் எனக்குப் பின்னால் அன்றைக்கு எத்தனை பேர் பார்க்காமல் போயிருப்பார்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை என்று ஒன்று இருக்கிறது, 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம், குறித்த விலைக்கு மேல் விற்பது குற்றம். இதைக் கடைக்காரரோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை, கடை வாசலில் நின்று பில்லை ஒருதரம் பாருங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

பொதியின் அளவும் அப்படித்தான். 200 கிராம் பருப்புப் பொதி 78 ரூபாய் என்று இருந்தது, கைக்கு அடக்கமாக, மலிவு போலத் தெரியும். ஐந்தால் பெருக்கினால் கிலோ 390. பக்கத்திலேயே கிலோப் பொதி 290. நூறு ரூபாய் வித்தியாசம், ஒரே பருப்பு. கிலோவுக்கு எவ்வளவு என்று தட்டில் தமிழில் எழுதிப் போட்டால் எங்கள் மாமியும் பார்த்து எடுப்பார். இப்போது நான் போகும் கடையில் அந்தச் சின்னச் சீட்டில் ஆங்கிலம் மட்டும்தான், அதுவும் எறும்பு மாதிரி எழுத்து.

என் அக்கா ஜேர்மனியில் இருக்கிறா, எசன் நகருக்குக் கிட்ட. அங்கே அல்டி என்று ஒரு மலிவு விலைக் கடை இருக்கிறது. 1913 இல் அந்த நகரத்திலேயே ஒரு அம்மா தொடங்கின சின்னக் கடை, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மகன்மார் இருவர் பொறுப்பெடுத்துப் பெருப்பித்தார்கள், இன்றைக்கு உலகத்தில் பல நாடுகளில் இருக்கிறது. அக்கா போன புதிதில் கையில் காசில்லாத காலத்தில் முழுக்க அந்தக் கடையில் வாங்கித்தான் பிள்ளைகளை வளர்த்தா. அங்கே ஏன் மலிவு என்று நான் கேட்டேன். சாமான் வந்த பெட்டியை வெட்டித் திறந்து அப்படியே வைத்துவிடுவார்களாம், அடுக்கி அழகுபடுத்த ஆள் இல்லை. ஒரு சாமானுக்கு ஒன்றிரண்டு வகைதான், பெரும்பாலும் கடையின் சொந்தப் பெயரில், ஆகவே ஒரே வகையை மலையாகக் கொள்வனவு செய்கிறார்கள். தள்ளுவண்டிக்குக்கூட நாணயம் போட்டுத்தான் எடுக்க வேண்டும், திருப்பி விட்டால் நாணயம் வரும், அதனால் வண்டி பொறுக்க ஆள் தேவையில்லை. சரி, இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால், அங்கே ஆளையும் அலங்காரத்தையும் குறைத்து எல்லாருக்கும் எல்லா நாளும் விலையைக் குறைக்கிறார்கள். இங்கே ஏசியும் வெளிச்சமும் போட்டுவிட்டு, சில நாளில் சில சாமானுக்குச் சில ஆட்களுக்கு மட்டும் குறைக்கிறார்கள். எங்கள் பழைய சங்கக்கடையில் சாக்கை வாய் திறந்து வைத்து நிறுத்துத் தந்தார்களே, அக்கா சொன்ன கடைக்கு அதுதான் கிட்ட வருகிறது.

மற்ற இரவுகளைப் பற்றிச் சொல்கிறேன். கிழமையில் ஆகக் கூடின செலவு ரின்மீன் இரவு, இடியப்பத்தோடு சேர்த்து 900 ரூபாய் மட்டில் வந்தது. ரின்மீன் எடுக்கும்போது மொத்த எடையை மட்டும் பார்க்காதீர்கள். 425 கிராம் ரின் என்றால் அதில் தண்ணீரும் சேர்த்தி, வடித்த எடை என்று தனியாக எழுதியிருக்கும், நான் எடுத்ததில் 280 கிராம். ஒரே விலையில் இரண்டு வகை இருந்தால் வடித்த எடை கூடினதை எடுக்க வேண்டும். உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, மீனை உடைக்காமல் துண்டாக வைத்துக்கொண்டு, வெங்காயம், பச்சை மிளகாய், உள்ளி, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, இரண்டு உருளைக்கிழங்கைச் சின்னதாக வெட்டிப் போட்டு, பழப்புளிக் கரைசலும் எங்கள் கறித்தூளும் விட்டு, கிழங்கு அவிந்த பிறகு மீனைப் போட்டுத் தேங்காய்ப்பால் விட்டு ஒரு கொதி. மீனைக் கடைசியில் போட்டால்தான் ஆறு பேருக்கும் துண்டாகக் கிடைக்கும், முதலில் போட்டால் கரைந்து போய் எல்லாருக்கும் குழம்புதான். முள்ளை எடுத்து எறியாதீர்கள், ரின்னுக்குள் அவிந்த முள் மெத்தென்று இருக்கும், கல்சியம் அதில்தான் இருக்கிறது, மாமி போன்ற வயதுக்காரருக்கும் வளர்கிற பிள்ளைகளுக்கும் அது நல்லது.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மரக்கறி, அன்றைக்குத் தோசை. உழுந்து விலை என்று பலர் தோசையையே விட்டுவிட்டார்கள். ஆனால் எங்கள் ஊர்த் தோசையில் உழுந்து கொஞ்சம்தானே, ஒரு பங்கு உழுந்துக்கு மூன்று பங்கு அவித்த கோதுமை மா, கொஞ்சம் வெந்தயம், முதல் நாள் இரவே கரைத்துப் புளிக்க வைத்து, சுடும் முன் வெங்காயமும் செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் தாளித்துக் கொட்டினால் அந்த வாசத்துக்கே ஆள் வந்துவிடும். உழுந்து 200 கிராம் போதும். சம்பலோடு மொத்தம் 460 ரூபாய் மட்டில்தான் முடிந்தது.

சோயாமீற்றைப் பிள்ளைகள் வேண்டாம் என்பார்கள், ஏனென்றால் பலர் அதைச் சரியாகக் கழுவுவதில்லை. உப்புப் போட்ட கொதிநீரில் ஊறவைத்து, பிழிந்து, திரும்பப் பச்சைத் தண்ணீரில் அலசி, இன்னொரு தரம் நன்றாகப் பிழிய வேண்டும், அப்போதுதான் அந்த மணம் போகும். பிறகு தாச்சியில் கொஞ்சம் எண்ணெய் விட்டு ஓரம் சிவக்க வதக்கி, அதன்பிறகு பிரட்டல் கறியாக வைத்தால் என் நடுவிலான் இறைச்சி என்று நினைத்துச் சாப்பிடுகிறான். உலர்ந்த சோயாமீற்றின் எடையில் ஏறக்குறையப் பாதி புரதம், 90 கிராம் பொதி இரண்டு போட்டால் ஆறு பேருக்குக் கறி. உள்ளே வருகிற சுவைத்தூளை நான் போடுவதில்லை, உப்பு அதிகம், எங்கள் தூள் போதும்.

சொதிக்கு ஒரு வார்த்தை. தேங்காய் விலை 2024 கடைசியில் ஏறத் தொடங்கியதிலிருந்து சொதி வைக்கவே பயந்தோம். இப்போது ஒரு தேங்காயை இரண்டு நாளாக்குகிறேன். முதல் பாலைத் தனியாக எடுத்து வைத்து, இரண்டாம், மூன்றாம் பாலில் வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள் போட்டு அவித்து, கடைசியில்தான் முதல் பால். இறக்கின பிறகுதான் தேசிக்காய்ப் புளி, அடுப்பில் வைத்துக்கொண்டு விட்டால் பால் திரைந்துவிடும், ஒரு சட்டிச் சொதியும் வீண். பிழிந்த பூவை எறிவதில்லை, முருங்கையிலை வறைக்குப் போடுகிறேன். சரியான தேங்காய்ப்பூ போட்ட வறையின் ருசி வராது, அதையும் உண்மையாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் கீரையோடு உதிர்ந்து வரும், பிள்ளைகள் கண்டுபிடிக்கவில்லை.

ஏழு இரவுக்கும் கூட்டிப் பார்த்தால் 4,600 ரூபாய் வந்தது. ஒரு நாளைக்கு 660 ரூபாய் மட்டில், ஆறு பேருக்கு. நாளைக்கு விலை மாறும், எனக்குத் தெரியும். ஆனால் மா விலை ஏறினால் கொத்தும் ஏறத்தானே செய்யும்.

அந்த வாசகர் எழுதினதில் என்னை மிகவும் தொட்டது களைப்பு. வேலையால் வந்து அடுப்படிக்குள் நிற்கிற பெண்ணிடம் போய், சமைத்தால் மலிவு என்று கணக்குக் காட்டுவது அநியாயம், அவளுடைய உழைப்புக்கு அந்தக் கணக்கில் ஒரு சதமும் போடவில்லை. நானும் இரண்டு வருடம் அப்படித்தான் தனியே நின்று மாய்ந்தேன், கிழமையில் மூன்று நாள் கொத்துப் பார்சல்தான். பிறகு ஒருநாள் மாதக் கடைசியில் கையில் காசில்லாமல் போனபோது கணவரும் நானும் இருந்து கதைத்தோம். இப்போது தேங்காய் துருவுவது மூத்தவளும் நடுவிலானும், நாள் மாற்றி. அவர் ஓட்டோவால் வந்ததும் வெங்காயம் உரித்து வெட்டித் தருவார், ஞாயிற்றுக்கிழமை மா அரிப்பதும் அவர்தான், ஆம்பிளை மா அரிக்கிறதோ என்று கேட்ட சொந்தக்காரரும் இருக்கிறார்கள், அவர் அதைக் காதில் போடுவதில்லை. பருப்பைக் காலையில் போகும்போதே ஊறவைத்துவிடுவேன், பின்னேரம் கால் மணித்தியாலத்தில் அவிந்துவிடும், காஸும் மிச்சம். ஐந்தரைக்கு வந்து ஏழரைக்குள் எல்லாரும் சாப்பிட்டுவிடுகிறோம். வீட்டில் ஒருவர் மட்டும் சமைக்கிறதென்றால் அந்த வாசகர் சொன்னதுதான் சரி, கொத்து எடுங்கள், அந்தப் பெண்ணை விடுங்கள்.

எங்கள் தலைமுறைக்குச் சிக்கனச் சமையல் புதிதல்ல. 1990 களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரமும் மண்ணெண்ணெயும்கூடக் கிடைக்காமல் இருந்தபோது, அம்மா ஒடியல் மாவையும் மரவள்ளிக்கிழங்கையும் வைத்துக்கொண்டே எங்களை வளர்த்தா. 2006 ஆவணியில் ஏ9 பாதை மூடினபோது சங்கக்கடை வரிசையில் குடும்ப அட்டையோடு நின்றோம். 2022 இல் காஸ் வரிசை. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம், அதாவது முந்தின வருடம் 100 ரூபாய்க்கு வாங்கினது 195 ரூபாய். பிறகு பணவீக்கம் இறங்கிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள், சனம் விலை இறங்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தது. பணவீக்கம் இறங்கினால் விலை ஏறுகிற வேகம் குறைகிறது, ஏறின விலை பெரும்பாலும் ஏறின இடத்திலேயே நிற்கிறது. எங்கள் பில் ரின்னைப் பார்த்தாலே தெரியும். சம்பளமும் ஓட்டோக் கூலியும் அந்த அளவுக்கு ஏறவில்லை, ஆகவே பழைய மாதிரி ஆகட்டும் என்று காத்திருக்காமல் இப்போதிருக்கிற விலையில் எப்படிச் சமைப்பது என்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிலோப் பொதி மலிவு என்று நான் எழுதிவிட்டேன், ஆனால் அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் சமைக்கிற வீட்டுக்கு ஒரேயடியாகக் கிலோ வாங்கக் கையில் காசு இராது. அவர்கள் முடக்குக் கடையில் நூறு கிராம், இருநூறு கிராம் என்று கடன் கொப்பியில் எழுதி வாங்குகிறார்கள். அந்தக் கடைக்காரர் கடன் தருகிறார், சுப்பர் மார்க்கெட் தராது, ஆகவே அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. எங்கள் ஒழுங்கையில் நாங்கள் நான்கு வீடு சேர்ந்து ஒரு வேலை செய்கிறோம். காசுச் சீட்டுப் பிடிப்பது போல, சாமானுக்கு ஒரு சீட்டு. ஒவ்வொரு வீடும் நாளுக்கு நூறு ரூபாய் ஒருவரிடம் கொடுத்து வைக்கும், மாதம் முடிய ஒரு வீட்டுக்கு 3,000, நான்கு வீட்டுக்கும் 12,000. தள்ளுபடி நாளில் என் கணவரின் ஓட்டோவில் இரண்டு பேர் போய்ப் பருப்பு, மா, ரின்மீன், சோயாமீற் எல்லாம் பெரிய பொதியாக எடுத்து வந்து எங்கள் விறாந்தையில் நிறுத்துப் பிரிப்போம். தராசு பக்கத்து வீட்டு அன்ரியுடையது. முதல் மாதம் மா பிரித்ததில் ஒரு வீட்டுக்கு அரைக் கிலோ குறைந்து கொஞ்சம் மனஸ்தாபம் வந்தது, அதற்குப் பிறகு நான்கு வீட்டாரும் நிற்கும்போதுதான் நிறுக்கிறோம். ஐந்து மாதமாக நடக்கிறது. அதில் ஒரு வீட்டில் அப்பா இல்லாத மூன்று பிள்ளைகள், முன்பெல்லாம் இரவுக்குத் தேத்தண்ணியும் பாணும்தான், இப்போது கிழமையில் நான்கு நாளாவது புட்டும் பருப்பும் என்று அந்தத் தாய் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கம் பவுண் என்ன விலை என்று நாளாந்தம் போடுகிறீர்கள், எங்களுக்கு அது வருடத்தில் ஒருநாள்கூடத் தேவைப்படாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், சனிக்கிழமை சந்தைக்குப் போகிறவர்களுக்கு உதவியாக, திருநெல்வேலிச் சந்தையில், சுன்னாகம் சந்தையில், சதொசவில், சங்கக்கடையில், ஒரு சுப்பர் மார்க்கெட்டில் பருப்பு, நாட்டரிசி, கோதுமை மா, தேங்காய், முட்டை, ரின்மீன் இந்த ஆறும் கிலோவுக்கு அல்லது ஒன்றுக்கு என்ன விலை என்று கால் பக்கம் போடுங்கள். கடை நடத்துகிறவர்களும் இதை வாசிப்பார்கள் என்று நம்புகிறேன், அவர்கள் கிலோ விலையைத் தமிழில் பெரிதாக எழுதட்டும், வங்கி அட்டைக்குக் கொடுக்கிற கழிவில் ஒரு பங்கைப் பருப்புக்கும் மாவுக்கும் முட்டைக்கும் எல்லாருக்கும் பொதுவாகக் கொடுக்கட்டும்.

விலை எடுக்க ஆள் இல்லை என்று நீங்கள் நினைத்தால் திருநெல்வேலிச் சந்தை விலையை நானே வியாழக்கிழமை பின்னேரம் எழுதி அனுப்புகிறேன், எப்படியும் அந்த வழியால்தான் வீட்டுக்கு வருகிறேன். மற்ற இடங்களுக்கும் என்னைப் போல யாராவது இருப்பார்கள், ஒருதரம் கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
மூன்று பிள்ளைகளின் தாய்,
கோண்டாவில்.